அடித்தகடு

கல்லுக்கு மனிதரோடு பகை கிடையாது. ஆனால் மயிலிட்டிக் கரையில் கிடக்கிற முருகைக்கல்லுக்கு, அந்தக் கூரான பவளப்பாறைக் கல்லுக்கு, சுதாகரனோடு ஏதோ பழைய கோபம் இருந்திருக்க வேண்டும். கிழமை தவறாமல் அது அவனுடைய மோட்டார் சைக்கிளின் வயிற்றில் குத்தியது. எஞ்சினைக் கல்லிலிருந்து காப்பதற்காக அடியில் பூட்டியிருந்த அலுமினியத் தகடு குத்து வாங்கி வாங்கி நெளிந்து, நடுவில் வெடித்து, கடைசியில் எஞ்சினிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு குத்து விழுந்தால் தகடே எஞ்சினை உடைத்துவிடும். வேலியே பயிரை மேய்கிற கதை என்பது இதுதான்.

அது ஊரில் எல்லோரும் ஓடுகிற சைக்கிள் அல்ல. ஜப்பான்காரன் எழுபதுகளில் டிரையல்ஸ் போட்டிக்கென்று செய்தது. அந்தப் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. கல்லோ குழியோ மரக்குற்றியோ, கால் நிலத்தில் குத்தாமல் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஒல்லி உடம்பு, பேருக்கு ஓர் இருக்கை, மஞ்சள் பெற்றோல் தாங்கி. கொழும்பில் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடிச் சுதாகரன் வாங்கி வந்தான். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சல்லடை போட்டாலும் அதற்கு ஒரு சோடி கிடைக்காது. ஒருமுறை பார்த்தவன் மறக்கமாட்டான். வினை அங்கேதான் இருந்தது.

முந்தின ஞாயிறு அவன் கரையில் பழகிக்கொண்டிருந்தபோது சில இளைஞர்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கால் சும்மா இருக்கவில்லை. சைக்கிள் ஒரு பெரிய கல்லின் உச்சியில் தத்தளித்த நேரம் பார்த்துப் பக்கவாட்டில் ஓர் உதை விட்டான். சைக்கிளும் சுதாகரனும் ஒன்றாக உருண்டு விழுந்தார்கள். தகடு வெடித்தது அப்போதுதான். சுதாகரன் எழும்பி வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, ஒரு சொல் கதைக்கவில்லை. கவசத்தோடேயே உதைத்தவனின் முகத்தில் முட்டினான், கிடாய் முட்டுகிற மாதிரி. அவன் விழுந்த பிறகும் குனிந்து முட்டினான். மூக்கு இருந்த இடத்தில் இரத்தம்தான் இருந்தது.

மூக்குடைந்தவன் வாளோடு திரிகிற கூட்டமொன்றின் தலைவனுக்குத் தம்பி என்று பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் சைக்கிள்காரனின் கையை எடுக்காமல் விடமாட்டோம் என்று அவர்கள் சபதம் போட்டிருப்பதும் ஊர்வாயில் வந்து சேர்ந்தது. கவசத்துக்குள் இருந்த முகம் அவர்களுக்குத் தெரியாது. சைக்கிளை மட்டும்தான் தெரியும்.

இவ்வளவையும் சிரித்துச் சிரித்துச் சொன்னபடிதான் சுதாகரன் தன் சின்னப் பட்டா லொறியிலிருந்து சைக்கிளைப் பிரகலாதனின் கராஜில் இறக்கினான்.

பிரகலாதன் மயிலிட்டிக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி வருகிறதென்று கரையில் இருந்து எஞ்சின் திருத்தத் தொடங்கியவன். வேலை தெரிந்தவன்தான். ஆனால் கையைவிட அவனுக்கு வாய் நீளம். யாரையும் வெட்டுவான், யாரையும் கொளுத்துவான், எல்லாம் வாயால். அவனோடு பங்குக்கு நின்ற லியோன் குருநகர்க்காரன். அலுமினியம் ஒட்டுவது அவன் பாடு. வலது கையில் நெருப்புக் குழலைப் பிடித்தால் அந்தக் கை நடுங்கியதை ஒருவரும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே பீங்கானில் சாப்பிட்டார்கள், ஒரே சங்கதிக்கு நாளும் சண்டை பிடித்தார்கள். லியோனுடைய மனைவி பெர்னடெட் பிரகலாதனை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவாள்.

"உந்தச் சனியனை இஞ்சை இறக்காதை," என்றான் பிரகலாதன். "நீ போய் முட்டுவாய், அவங்கள் வாளோடை வருவாங்கள், நாங்கள் தலையைக் குடுக்கிறதோ? ஏத்திக்கொண்டு போ."

"ஆரண்ணை இஞ்சை வரப்போறாங்கள்? அவங்கடை சண்டித்தனமெல்லாம் மருதனார்மடச் சந்தியோடை சரி."

"அவங்களுக்குப் பெற்றோல் இல்லையோடா?"

லியோன் அதற்குள் நிலத்தில் குந்தி, சைக்கிளின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். "தகடு என்ன பாவம் செய்தது, மச்சான்? வாற ஞாயிறு பொடியனுக்குப் போட்டி. இண்டைக்கே முடிச்சுக் குடுத்துவிடுவம்."

"நீ இரங்கு. உவன்ரை கொழுப்புக்கு நாங்கள் சாவம்."

"மத்தியானம் வந்து ஏத்திறன்," என்று சொல்லிவிட்டுச் சுதாகரன் போய்விட்டான். போகும்போதும் சிரித்தான். சிரிப்பும் ஒரு கொழுப்புத்தான் என்று பிரகலாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. லியோன் பூசை முடிந்து நேரே வந்திருந்தான். வெள்ளைச் சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு வேலையில் இறங்கினான். கராஜ் துறைமுகத்துக்குப் போகிற ஒழுங்கையில் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த வலைக்கடை பூட்டு. விடியற்காலை வந்த வள்ளங்களின் மீன் விலைப்பட்டு, ஆட்கள் வீடுகளில் சோற்றுக்கும் நித்திரைக்கும் போய்விட்ட நேரம்.

சைக்கிளின் இரு சில்லுகளையும் மரக்குற்றிகளில் ஏற்றி, விழாமல் கூரைக் குழாயோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். தகட்டைக் கழற்றுவதே ஒரு போர். கல்லில் உரசாமல் இருக்கத் தலை தகட்டுக்குள் புதைகிற மாதிரிச் செய்த திருகாணிகள் அவை. தலை தேய்ந்து, காடியும் போய், பிடிக்க ஒன்றும் இல்லை. பிரகலாதன் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் சுதாகரனை ஒரு பெயர் சொல்லி ஏசினான். ஒரு திருகாணி பாதியில் முறிந்து உள்ளே நின்றுவிட்டது.

"உவனைப் பெத்தவளைச் சொல்லவேணும்," என்றான்.

"பெத்தவள் என்னடாப்பா செய்தவள்? ஆணியைப் பார்."

"உவன்ரை கையை அவங்கள் எடுத்தாலும் நான் கவலைப்படமாட்டன்."

"சும்மா விசர்க்கதை கதையாதை."

காலை முழுக்க இதே கதைதான். உவன், உவன், உவன். பிரகலாதனின் வாயில் சுதாகரனுக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று.

கழன்று வந்த தகட்டில் லியோன் உடுப்புச் சவர்க்காரத்தை ஒரு கோடு பூசினான். அலுமினியம் சூடேறும்போது நிறம் மாறிக் காட்டாது. திடீரென்று உருகி ஒழுகிவிடும். சவர்க்காரக் கோடு கறுத்தால் போதும், தகடு இளகிவிட்டது என்று அர்த்தம். நெருப்பைக் காட்டி, கோடு கறுத்ததும் எடுத்துப் பனங்குற்றியில் வைத்தார்கள். பிரகலாதன் அடித்தான். அடி என்றால் அப்படி ஓர் அடி. தோளெல்லாம் வேர்வை வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் தகடுதான் சுதாகரனின் முதுகு என்பது போல அடித்தான். நெளிவு எடுபட்டு மெல்ல மெல்ல நேரானது. வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க அதன் இரு நுனியிலும் லியோன் சின்ன ஓட்டை போட்டான்.

"உன்ரை வாய்க்கும் உப்பிடி ஒண்டு போட்டால் நல்லம், மச்சான். அங்காலை ஓடாது," என்று சொல்லிச் சிரித்தான்.

பிறகு கறுப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு ஒட்டினான். ஒட்டு ஆறியதும் வெடிப்பு இருந்த இடம் முன்னையைவிடத் தடிப்பாக நின்றது. உள்பக்கத்தில், எஞ்சினோடு உரசாமல் இருக்க, பழைய டியூப் றப்பரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினார்கள். இனிப் பூட்டுவதுதான் பாக்கி. லியோன் மட்டையை விரித்துச் சைக்கிளுக்குக் கீழே மல்லாந்து படுத்து, திருகாணி ஏறுகிற காடிகளைச் சுத்தம் செய்யத் தொடங்கினான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிரகலாதன் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஓட்டைகளை அரத்தால் அராவினான். மூலையில் காற்று அடைக்கிற கொம்பிரசர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பினால் அது தானாக நின்றுவிடும்.

படலை சுவரில் மோதித் திறந்த சத்தம் கேட்டது.

பிரகலாதன் தகடும் கையுமாகத் திரும்பினான். இரண்டு பேர் உள்ளே வந்திருந்தார்கள். மூன்றாமவன் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமல் உறுமவிட்டபடி இருந்தான். உள்ளே வந்தவர்களில் ஒருவன் நெட்டை. மற்றவன் கட்டை, முகத்தில் சிவப்பு லேஞ்சித் துணி கட்டியிருந்தான். இருவர் கையிலும் வாள். கூத்தில் பார்க்கிற மினுக்கு வாள் அல்ல. லொறியின் வில்லுத்தகட்டை அடித்து ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கறுத்த இரும்பு.

நெட்டையன் வந்த வேகத்தில் வேலை மேசையில் ஒரு வீச்சு வீசினான். சாவிகளும் ஆணிப் பெட்டிகளும் சிதறி ஓடின. தேத்தண்ணிப் போத்தல் உடைந்தது. அடுத்த கணம் வாளின் தீட்டிய பக்கம் பிரகலாதனின் கழுத்தில் இருந்தது. இரும்பு வெயிலில் வந்ததால் சுட்டது. அது வெட்டிவிட்டது என்றே அவன் முதலில் நினைத்தான்.

"சத்தம் போட்டியோ, தலை போயிடும். உந்தப் பைக் ஆற்றை?" யாருடையது என்று நெட்டையன் கேட்டான்.

காலை முழுக்க வாய் ஓயாதவனுக்கு இப்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுதாகரனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணமெல்லாம் அவனுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்லிவிட வேண்டும் என்றுதான் துடித்தான். தன் உயிர் எல்லோருக்கும் சர்க்கரை. சொல் வந்தது. காலையிலிருந்து வாயில் ஊறிக் கிடந்த சொல்தான் முதலில் வந்தது.

"உவன்ரை."

யாழ்ப்பாணத்தாருக்கு இவனுக்கும் அவனுக்கும் நடுவில் உவன் என்று ஒருவன் உண்டு. இவன் எனக்குப் பக்கத்தில் நிற்பவன். அவன் அங்கே தூரத்தில் நிற்பவன். உவன் உனக்குப் பக்கத்தில் நிற்பவன். இது நேர்ப்பொருள். ஆனால் அங்கே இல்லாத ஒருவனை, அவன் பெயரைச் சொல்லவே வாய் கசந்தால், அவனையும் உவன் என்றுதான் சொல்வோம். எந்த உவன் என்பது சொல்லுகிறவனின் மனதுக்குத் தெரியும். கேட்கிறவன் தன் பக்கத்தில்தான் பார்ப்பான்.

நெட்டையன் தன் பக்கத்தில் பார்த்தான். அவன் காலடியில், மஞ்சள் சைக்கிளுக்குக் கீழேயிருந்து, இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இவனோ?" என்றான்.

அப்படிக் கேட்டபோது வாள் கழுத்தை விட்டு எழும்பியது. கொஞ்சம்தான். ஆனால் எழும்பியது. பிரகலாதனுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சில் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. சொன்னால் வாள் திரும்பவும் கழுத்துக்கு வரும் என்று உடம்பு கணக்குப் போட்டது. அவன் பேசாமல் நின்றான்.

சிவப்பு லேஞ்சிக்காரன் லியோனின் கணுக்கால்களைப் பிடித்து ஒரே இழுவையில் வெளியே இழுத்தான். லியோனின் தலை சைக்கிளின் கால்மிதியில் இடிபட்டுச் சத்தம் கேட்டது. மட்டையோடு சேர்ந்து வந்தான், கையில் சின்னக் கம்பித் தூரிகையோடு. என்னவென்று விளங்கும் முன்பே முதல் வெட்டு கெண்டைக்காலில் விழுந்தது. அவன் கத்தினான். ஆட்டை அறுக்கும்போது வருகிற சத்தம் அது, மனிதச் சத்தம் அல்ல.

"கை! கையை எடடா!" என்று நெட்டையன் கத்தினான்.

இரண்டாவது வெட்டு குறி தவறிச் சைக்கிளைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தது. மூன்றாவது வெட்டுக்கு லியோன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். வலது கை. வாள் மணிக்கட்டுக்கு மேலே இறங்கி எலும்பில் நின்றது. லேஞ்சிக்காரன் அதை இழுத்து எடுத்தான். இரத்தம் கராஜின் சுவரில் போய் அடித்தது.

அதைக் கண்டபின்தான் பிரகலாதனுக்குத் தன் கையில் தகடு இருப்பது தெரிந்தது. இவ்வளவு நேரமும் இருந்தது. தடித்த அலுமினியம், இரண்டு கைக்கும் பிடி, அன்றுதான் ஒட்டி இறுக்கியது. அவன் ஓடிப்போய் அதை இரண்டு கைகளாலும் ஓங்கி லேஞ்சிக்காரனின் தோளில் இறக்கினான். காறை எலும்பு முறிகிற சத்தம் பச்சை மட்டை முறிகிற மாதிரிக் கேட்டது. வாள் விழுந்தது. அவன் பின்னால் சரிந்து சைக்கிளில் சாய, கயிறு அறுந்து நின்ற சைக்கிள் குற்றிகளிலிருந்து கவிழ்ந்து அவன் முழங்காலின் மேல் விழுந்தது.

நெட்டையன் வீசினான். பிரகலாதன் கண்ணை மூடிக்கொண்டு தகட்டை முன்னால் பிடித்தான். வாள் தகட்டின் ஓரத்தை வெட்டி உள்ளே இறங்கிச் சிக்கிக்கொண்டது. பிரகலாதன் வெறி பிடித்தவன்போல் தகட்டைத் திருகினான். வாள் நெட்டையனின் கையைவிட்டுப் போயிற்று. தகடு ஒரு கையில், வாள் அதில் தொங்க, அவன் காறித் துப்பிக்கொண்டு பாய்ந்தான். நெட்டையன் ஓடினான். நிலத்தில் கிடந்த தன் ஆளை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. ஒழுங்கையில் உறுமிக்கொண்டிருந்த சைக்கிள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

கராஜ் அமைதியாக இருந்தது. கொம்பிரசர் நின்றிருந்தது.

எப்போது நின்றது? பிரகலாதனுக்குள் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. வெட்கம் கெட்ட கேள்வி. தோழன் இரத்தத்தில் கிடக்க, கொம்பிரசர் எப்போது நின்றது என்று யோசிக்கிறான். ஆனால் யோசித்தான். அந்தத் தடதடப்பு இருந்திருந்தால் கீழே படுத்திருந்தவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. 'உவன்ரை' கேட்டிருக்காது. 'இவனோ' கேட்டிருக்காது. அவர்கள் தாங்களாகவே வெட்டினார்கள் என்று ஆகிவிடும். தகட்டால் அடித்துத் தோழனைக் காப்பாற்றியவன் என்று ஆகிவிடும்.

ஆணியில் கொழுவியிருந்த வெள்ளைச் சேட்டை இழுத்து எடுத்துக்கொண்டு லியோனிடம் ஓடினான். கையைச் சுற்றி இறுக்கினான். வெள்ளை உடனே சிவந்தது. காலில் தன் லேஞ்சியைக் கட்டினான். லியோனின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. கண்கள் மட்டும் அசையாமல் பிரகலாதனையே பார்த்தன. வலியில் பார்க்கிற பார்வையா, வேறு ஏதாவதா என்று பிரகலாதனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஒண்டுமில்லை மச்சான், ஒண்டுமில்லை. இந்தா இப்ப கொண்டுபோறன். விரலை ஆட்டிப் பார், ஆட்டு."

விரல்கள் ஆடவில்லை.

"நீ கீழை கிடந்தனீ, உனக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது. சடாரெண்டு வந்திட்டாங்கள். நான் என்ன செய்யிறது? கழுத்திலை வாள்."

லியோன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சைக்கிளுக்குக் கீழே கிடந்தவன் முனகினான். லேஞ்சி கழன்று கழுத்தில் கிடந்தது. இருபது வயதுதான் இருக்கும். மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. பிரகலாதனுக்குத் திடீரென்று ஆத்திரம் தலைக்கேறியது. எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டிய ஆத்திரம். பாய்ந்து போய் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்துச் சட்டையைப் பிடித்தான்.

"ஆரடா அனுப்பினது? சொல்லு! அவன்ரை கையை ஏனடா வெட்டினனீ? அவனுக்கும் உங்களுக்கும் என்னடா?"

"பைக்குக்காரன்ரை கையை... எடுக்கச் சொன்னவங்கள்."

"அவன் பைக்குக்காரனோ? ஆரடா சொன்னது?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

கிடந்தவன் அவனை ஆச்சரியத்தோடு பார்த்தான். "நீதானே சொன்னனீ," என்றான். "ஆற்றை எண்டு கேக்க, உவன்ரை எண்டு..."

பிரகலாதன் அவன் வாயில் குத்தினான். பல் முட்டித் தன் விரல்முட்டியே கிழிந்தது. "சொல்லு!" என்று கத்தினான். திரும்பவும் குத்தினான். "ஆர் அனுப்பினது? சொல்லடா!" திரும்பவும். கேள்விக்குப் பதில் வேண்டியவன் பதில் வருகிற வாயில் அடிக்கமாட்டான். ஆனால் அவன் வாயில்தான் அடித்தான். உதடு கிழிந்து, பல் உடைந்து, அந்த வாயிலிருந்து சொல்லுக்குப் பதில் இரத்தக் குமிழி வரும்வரை அடித்தான். பக்கத்தில் கிடந்த சுத்தியலில் கை போயிற்று. காலையில் தகட்டை நிமிர்த்திய சுத்தியல். அதைத் தூக்கினான்.

"உவனை விடு."

லியோனின் குரல். மெல்லிய குரல்தான். எப்படியோ எழும்பிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"உவனை ஏன் அடிக்கிறாய்? எனக்கு முதலே கேட்டது. மெசின் நிண்டிட்டுது."

சுத்தியல் தூக்கிய கை அப்படியே நின்றது.

"மச்சான், நான் சுதாகரனைத்தான்... சத்தியமா, அந்தோனியார் அறிய..."

"அந்தோனியாரை விடு. நீ சுதாகரனைத்தான் சொன்னனீ எண்டு எனக்குத் தெரியும். விடியத் தொடங்கி நீ அவனைத்தானே உவன் உவன் எண்டு கொண்டிருந்தனீ?" லியோன் மூச்சு வாங்கினான். "இவனோ எண்டு கேட்டவன். அது என்னைத்தானே? அப்ப ஏன் பேசாமல் நிண்டனீ?"

வாய்க்கு வந்த பதில்கள் எத்தனையோ. கழுத்தில் வாள் இருந்தது. நாக்கு வரவில்லை. ஒரு கண நேரம்தானே. ஒவ்வொன்றும் உண்மைதான். ஒவ்வொன்றையும் சொல்லத் தொடங்கிப் பிரகலாதன் நிறுத்தினான். வாள் எழும்பியபோது தனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தான். இப்போது லியோனுக்கும் தெரிந்திருந்தது. சுத்தியலை நிலத்தில் வைத்தான்.

பட்டா லொறி ஒழுங்கையால் வந்து நின்றது. சைக்கிளை ஏற்றுவதற்காகச் சுதாகரன் சீட்டியடித்துக்கொண்டு இறங்கினான். படலைக்குள் காலை வைத்ததும் சீட்டி நின்றது. சுவரைப் பார்த்தான், லியோனைப் பார்த்தான், கவிழ்ந்து கிடந்த சைக்கிளையும் அதன் கீழ் கிடந்தவனையும் பார்த்தான்.

"ஐயோ, லியோனண்ணை!" ஓடிவந்து அவன் முன்னால் விழுந்தான். சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "எனக்கு வந்தது... எனக்கு வந்த வெட்டு அண்ணை. நான் நாசமாப்போவன். எழும்புங்கோ, தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறன். கெதியா எழும்புங்கோ."

லியோனின் இடது கையைத் தன் தோளில் போட்டு அவனைத் தூக்கினான். வெட்டுப்பட்ட காலை இழுத்துக்கொண்டு லியோன் நடந்தான். பிரகலாதன் மற்றப் பக்கத்தில் தோள் கொடுக்க வந்தான். லியோன் வெட்டுப்பட்ட கையை அவன் கைக்கு எட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வலித்திருக்கும், முகம் கோணிற்று. ஆனாலும் கொடுக்கவில்லை.

லொறியின் முன்னிருக்கையில் ஏற்றியதும் சுதாகரன் சொன்னான்: "பிரகலாதண்ணை, நீங்களும் ஏறுங்கோ. கையை ஆராவது அமத்திப் பிடிக்கவேணும். இரத்தம் நிக்கேல்லை."

"வேண்டாம்," என்றான் லியோன். "நானே பிடிப்பன்."

"உங்களாலை ஏலாதண்ணை!"

லியோன் சேட்டுத் துணியின் நுனியைப் பல்லால் கடித்து, இடது கையால் இழுத்து இறுக்கிக் காட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சுதாகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டுகிற பக்கம் ஓடி ஏறியவன், சாவியைத் திருப்பும்போது திரும்பிக் கேட்டான்.

"அவங்களுக்கு என்ரை முகம் தெரியாது, சரி. உங்களை ஏனண்ணை பிடிச்சவங்கள்? பைக் உங்கடை எண்டு ஆரும் சொன்னவையோ?"

பிரகலாதன் லொறிக் கதவைப் பிடித்தபடி நின்றான். லியோன் அவனைப் பார்த்தான். முகத்தில் கோபம் இருந்திருந்தால் பிரகலாதன் காலில் விழுந்திருப்பான். கோபம் இல்லை. இனி உன்னோடு கதைக்க ஒன்றுமில்லை என்கிற களைப்புத்தான் இருந்தது.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை," என்றான் லியோன்.

லொறி உறுமிப் பின்னால் போய்த் திரும்பியது. கதவு பிரகலாதனின் கையிலிருந்து இழுபட்டுப் போயிற்று. காப்பாற்றுகிற பொய் அல்ல அது என்று அவனுக்கு விளங்கியது. நடந்ததைத்தான் லியோன் சொல்லியிருந்தான்: 'இவனோ' என்று கேட்டபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லைதானே. பெர்னடெட் கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போகிறான், பொலிஸ் கேட்டாலும் இதைத்தான். பிரகலாதனைச் சாகும்வரை இந்தச் சொல்லோடு இருக்க விடப்போகிறான்.

பிரகலாதன் ஒழுங்கைக்கு ஓடினான்.

"நானடா! நான்தான் சொன்னனான்! நான்தான் பேசாமல் நிண்டனான்!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

லொறி முடக்கில் திரும்பித் துறைமுக வீதியில் ஏறிவிட்டிருந்தது. வெயிலில் தூசி மெல்ல அடங்கியது. அவன் கத்தியது கேட்டது கராஜுக்குள் சைக்கிளின் கீழே கிடந்தவனுக்கு மட்டும்தான். அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும்.